கல்யாண வீடியோவா, வரவேற்புக் கச்சேரியா: எதற்குத் தலையைக் கொடுக்கலாம்?

ஆவணி பிறந்தால் இந்தச் சிக்கல் தானாக வந்து நிற்கும். வைகாசியிலும் ஆனியிலும் நடந்த கல்யாணங்களின் வீடியோக்கள் ஆடி முழுக்க எடிட்டிங் கணினியில் கிடந்து, ஒருவழியாகப் பென் டிரைவில் ஏறி வீட்டுக்கு வந்திருக்கும். ஆடியில் ஓய்ந்திருந்த மண்டபங்களும் அதே நேரத்தில் திறந்துகொள்ளும். ஞாயிறு மாலை ஒரு பக்கம் அத்தை வீட்டில், “நீங்கதான் கல்யாணத்துக்கு வரமுடியல, வந்து வீடியோவாச்சும் பாருங்க” என்று அழைப்பு. மறுபக்கம் சித்தப்பாவின் மைத்துனர் மகனுக்கு வரவேற்பு. பத்திரிகையின் அடியில் “இன்னிசைக் கச்சேரி நடைபெறும்” என்று ஒரு வரி. இரண்டும் மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள். இரண்டுக்கும் மூன்று மணி நேரம்.

வீட்டிலேயே படுத்துக்கொள்வது என்ற மூன்றாவது வழி இந்தக் கணக்கில் கிடையாது. அதற்கான பின்விளைவுகள் பொங்கல் வரை தொடரும். எனவே இரண்டில் ஒன்று. எது குறைந்த சேதம் என்பதை மட்டும் பார்ப்போம்.

சாப்பாட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். மண்டபத்தில் இலை போட்ட விருந்து, அத்தை வீட்டில் மிக்சரும் காபியும், ஒன்பது மணிக்கு மேல் தோசையும். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனால் சாப்பாடு எந்த இடத்தில் போடுகிறார்கள் என்பது பெரிய விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

வீடியோவில் என்ன இருக்கிறது

பலர் நினைப்பதுபோல் கல்யாண வீடியோவின் கஷ்டம் அதன் நீளத்தில் இல்லை. மூன்று மணி நேரப் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிற ஊர்தான் இது. கஷ்டம் அந்த நீளம் எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. வழக்கமான முழு நீள வீடியோவைப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்: நலங்கு 20 நிமிடம், நிச்சயதார்த்தமும் தாம்பாள வரிசையும் 40, வரவேற்பு 50, முகூர்த்தம் 60, பந்தி 15, பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ ஒரு தோப்பில் நடக்கிற பாட்டு 10. ஆக மொத்தம் மூன்றே கால் மணி.

இதில் உயிரை வாங்குவது அந்த 50 நிமிடம். ஏன் 50 என்றால், கணக்கு எளிது. 600 பேர் மேடை ஏறுகிறார்கள், நாலு நாலு பேராக என்றால் 150 குழு. ஏறுவது, பரிசைக் கொடுப்பது, வரிசையாக நிற்பது, போட்டோகிராபர் “அண்ணா இங்க பாருங்க” என்பது, இறங்குவது எல்லாம் சேர்த்துக் குழுவுக்கு 20 வினாடி என்று வைத்தாலே 3000 வினாடி ஆகிறது. எடிட்டருக்கு இதை வெட்டத் தெரியாமல் இல்லை. வெட்டினால், “நாங்க வந்ததே விழலையே” என்று எந்தக் குடும்பத்திலிருந்து போன் வரும் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே எவரையும் வெட்டமாட்டார். மொய் நோட்டில் எத்தனை வரி இருக்கிறதோ அத்தனை வரியும் திரையிலும் இருக்கும். உண்மையில் அந்தப் பகுதி மொய் நோட்டின் படப் பிரதிதான். பார்ப்பதற்காக எடுக்கப்பட்டதே அல்ல, சரிபார்ப்பதற்காக எடுக்கப்பட்டது.

முகூர்த்தப் பகுதி 60 நிமிடம் என்றாலும் அதில் ஒரு கதை ஓட்டம் உண்டு. அரசாணிக்கால், மாலை மாற்றுவது, கெட்டிமேளம், தாலி, மெட்டி, அம்மி மிதிப்பது என்று ஒன்றுக்குப் பின் ஒன்று வரும். கெட்டிமேளம் வருவதற்குள் எழுந்து போவது அபசகுனம்போல் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். தாலி கட்டும் காட்சியில் கேமராவுக்குக் குறுக்கே போட்டோகிராபரின் முதுகு வரும். எல்லா வீடியோவிலும் வரும். அதற்கு அத்தை ஒரு முறை வருத்தப்படுவார், நீங்களும் கூடவே வருத்தப்படவேண்டும்.

பந்திப் பகுதி தனி ரகம். வாயில் சோற்றோடு இருப்பவர்களை ஒரு வரிசை முழுக்கக் கேமரா தடவிக்கொண்டே போகும். அவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேமரா கடந்து போகும் வரை சிரித்தபடி காத்திருப்பார்கள். பழைய கேசட் காலத்தில் ஆயிரம் வாட் ஆலசன் விளக்கு முகத்தில் அடித்ததால் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ முறைப்பதுபோல் தெரிவார்கள். இப்போது எல்இடி விளக்கு. கண் கூசுவது குறைந்தது, மெல்லுவதை நிறுத்துவது மாறவில்லை.

ஒலி விஷயத்தில் வீடியோ பரம சாது. முக்கால்வாசி நேரம் உண்மையான சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டை ஒட்டியிருப்பார்கள். அதனால் பேசிக்கொண்டே பார்க்கலாம். ஆனால் பேசவேண்டியிருக்கிறதே, அங்கேதான் பிடி இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, “இது யாருன்னு தெரியுதா?” என்று கேள்வி வரும். தப்பித்தவறிக்கூடப் பெயர் சொல்லக்கூடாது. தவறான பெயரைச் சொன்னால், அந்தப் பெயர்க்காரருக்கும் திரையில் இருப்பவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்ற இருபது வருடக் கதை திறக்கும். வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டுச் சொல்வார்கள், அந்த நேரம் மூன்றே கால் மணியில் சேராது. “அதுக்குள்ள இவ்ளோ வளந்துட்டானா” என்பது பத்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். “இந்த பார்டர் நல்லா எடுப்பா இருக்கு” என்பது எந்தப் பட்டுப்புடவைக்கும் பொருந்தும். “சாப்பாடு பிரமாதம்னு எல்லாரும் சொன்னாங்க” என்பதைச் சமையல்காரர் திரையில் வரும்போது ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தலாம், இரண்டாவது முறை சொன்னால், “யாரு சொன்னா?” என்று கேட்பார்கள்.

அடுத்தது ரிமோட். ஓட்டுவதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் கையில் இல்லை. ரிமோட் வைத்திருப்பவர் சம்பந்தி வீட்டு ஆட்கள் மேடை ஏறும்போது நாலு மடங்கு வேகத்தில் ஓட்டுவார். சொந்த ஆட்கள் வந்ததும் ஓட்டுவதை நிறுத்துவார், கொஞ்சம் தாண்டிப் போய்விட்டிருந்தால் பின்னால் இழுத்துத் திரும்பவும் முதலிலிருந்து போடுவார். அத்தை பெண் வீட்டார் என்றால் உங்களுக்குக் கிடைப்பது பெண் வீட்டு வரிசை முழுதும். மொத்தத்தில் பாதி ஓடிவிடும் என்று நம்பிப் போகலாம், பாதிக்கு மேல் நம்பவேண்டாம்.

தப்பும் வழிகள் இரண்டே. முதலாவது பென் டிரைவின் குறைபாடு. பல பென் டிரைவ்கள் கோப்புகளை ஃபேட்32 என்ற முறையில் சேமிக்கின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. முழு எச்டி வீடியோ வினாடிக்கு 8 மெகாபிட் என்ற தரத்தில் மணிக்கு 3.6 ஜிபி தின்னும். எனவே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனதும் கோப்பு உடையும். ‘பார்ட் 2’ என்று தனியாக இருக்கும். சில டிவிகள் அடுத்த கோப்பைத் தானே போட்டுவிடும், பல டிவிகள் கோப்புப் பட்டியலுக்குத் திரும்பி நின்றுகொள்ளும். மாமா கண்ணாடியைத் தேடி, ரிமோட்டில் அம்புக்குறி எங்கே என்று பார்க்கிற அந்த ஒரு நிமிடத்தில் எழுந்திருக்கவேண்டும். எழுந்து நின்றுகொண்டு “அப்ப கிளம்பட்டா” என்பது வேறு, சோபாவில் சாய்ந்தபடி சொல்வது வேறு. பிந்தையதற்கு எந்த மதிப்பும் கிடையாது. இடைவெளியே இல்லாமல் பெரிய கோப்பாக எக்ஸ்ஃபேட் முறையில் கொடுத்திருந்தால் இந்த வழி அடைபடும். ஆனால் பழைய டிவி பலவற்றில் அந்தப் பென் டிரைவ் திறக்காது, அது வேறு வகை விடுதலை. யூடியூபில் ஏற்றி இணைப்பாகக் கொடுத்திருந்தாலும் நம்பிக்கை உண்டு: சினிமாப் பாட்டின் உரிமைக்காரர் கோரிக்கையால் வீடியோவே தடைபடலாம், அல்லது நடுநடுவே ஒலி இல்லாமல் ஓடலாம்.

இரண்டாவது வழி பாட்டி. எட்டு மணிக்குப் பார்த்தே ஆகவேண்டிய தொடர் உள்ள பாட்டி அந்த வீட்டில் இருந்து, டிவியும் ஒன்றே ஒன்றாக இருந்தால், எட்டு மணிக்கு வீடியோ நின்றுவிடும். ஆனால் ஞாயிறன்று எல்லாத் தொடரும் ஓடுவதில்லை. போகும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

உட்காரும் இடத்திலும் கவனம் வேண்டும். சோபா நடுவில் மாட்டிக்கொண்டால் இரு பக்கமும் முழங்கால். சமையலறைக்குப் போகும் வழியை ஒட்டிய ஒற்றை நாற்காலி உத்தமம். அத்தையின் கண்ணுக்கு உங்கள் முகம் பக்கவாட்டில்தான் தெரியும். கொட்டாவியை அடக்கும் வேலை பாதியாகக் குறையும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடவேண்டும். மேலே சொன்னதெல்லாம் புது வீடியோவுக்கு. இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு முந்தைய கேசட்டை யாராவது பூஞ்சை துடைத்து, டிஜிட்டலுக்கு மாற்றி வைத்திருந்தால் ஒப்பீடே வேண்டாம், அங்கேயே போய்விடுங்கள். மேடை வரிசை 50 நிமிடமும் அப்போது போதாது என்று தோன்றும். வீட்டில் அதிகம் பேசுகிற பெரியப்பா அதில் இருபத்தாறு இஞ்ச் இடுப்போடு வந்து நிற்பார்.

கச்சேரியில் என்ன இருக்கிறது

இங்கே கஷ்டம் ஒன்றே ஒன்று, சத்தம். மற்றவை எல்லாம் அதன் கிளைகள்.

எவ்வளவு சத்தத்தைக் காது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு, அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் வேலையிடங்களுக்காக வகுத்த அளவு உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது: சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 85 என்றால் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2, 94 என்றால் 1, 97 என்றால் அரை மணி, 100 என்றால் கால் மணி. மண்டபத்தில் மேடை ஓரம் ஸ்பீக்கர் முன் 100 டெசிபலைத் தொடுவது அரிதே இல்லை. அதாவது கடவுள் வாழ்த்தும் அடுத்த இரண்டு பாட்டும் முடிந்தபோது, முன்வரிசைக்காரரின் அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. அவர் இன்னும் இரண்டே கால் மணி உட்காரப்போகிறார்.

கருவி எதுவும் இல்லாமல் அளக்க ஒரு வழி: கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேசமுடிகிறது என்றால் 85ஐத் தாண்டியாயிற்று. காதுக்குள் வாய் வைத்துக் கத்தவேண்டியிருந்தால் இடத்தை மாற்றவேண்டும், பேச்சை அல்ல.

எங்கே உட்காருவது என்பதில் எல்லோரும் செய்கிற தவறு நேரே கடைசி வரிசைக்குப் போய்ச் சுவரில் சாய்வது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும்: 2 மீட்டரில் 103 என்றால் 4 மீட்டரில் 97, 8 மீட்டரில் 91. மண்டபத்துக்குள் இந்தக் கணக்கு முதல் சில மீட்டருக்குத்தான். கிரானைட் தரை, பூசிய சுவர், கண்ணாடிக் கதவு எல்லாம் ஒலியைத் திருப்பி அடிப்பதால் ஒரு தூரத்துக்குப் பிறகு எவ்வளவு தள்ளிப் போனாலும் சத்தம் பெரிதாகக் குறையாது. அதிலும் தாழ்ந்த ஒலி, அதாவது அந்த ‘தும் தும்’, சுவரோரத்திலும் மூலையிலும் குவியும். கடைசி வரிசைக்காரருக்கு நெஞ்சு அதிர்வது அதனால்தான். அங்கிருந்து மூன்று நான்கு வரிசை முன்னால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் எதிரில் படாமல், ஓரமாக உட்காருவது மேல். கீச்சென்ற உயர்ந்த ஒலி ஸ்பீக்கரின் மூக்கு நீட்டிய திசையில்தான் நேராகப் போகும். பக்கவாட்டில் விலகினால் அது மழுங்கும். தாழ்ந்த ஒலிக்குத் திசை கிடையாது, அதை ஒன்றும் செய்யமுடியாது.

உட்காருவதற்கு முன் தூண்களை நிமிர்ந்து பார்க்கவேண்டும். நீளமான மண்டபங்களில் பின்வரிசைக்கென்று பாதி வழியில் தூணில் கறுப்புப் பெட்டி கட்டியிருப்பார்கள். மேடைக்கு முப்பது வரிசை தள்ளி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு, எட்டு மணிக்குத் தலைக்கு மேலிருந்து ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக் கருவி இடிப்பதை அனுபவிப்பவர்கள் நிறைய.

சத்தம் ஏன் நேரம் ஆக ஆகக் கூடுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒலி அமைப்பவர் அளவு பார்த்தது மாலை ஐந்தரைக்கு, காலி மண்டபத்தில். ஏழரைக்கு ஆள் நிரம்பினால் உடம்பும் பட்டும் உயர்ந்த ஒலியை உறிஞ்சும். பாடகரின் வார்த்தை புரியவில்லை என்று அவர் ஏற்றுவார். சத்தத்துக்கு நடுவே பேசுபவர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் நூறு வருடத்துக்கு முன்பே கண்டு சொன்னது இது. ஆயிரம் பேர் குரல் உயர்த்தினால் ஒலி அமைப்பவர் இன்னும் ஏற்றுவார். ஒன்பது மணிக்கு இரு தரப்பும் உச்சத்தில் இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதியை நம்பலாமா என்றால், திறந்தவெளியில் பந்தல் போட்டிருந்தால் நம்பலாம். மூடிய அரங்குக்குள் நடப்பதற்கு அந்த நேரத் தடையில் விலக்கு உண்டு.

காதில் பஞ்சு வைப்பது மனத் திருப்திக்கு. நுரையால் ஆன காதடைப்பான் மருந்துக் கடையிலோ, தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடையிலோ கிடைக்கும். அதை அப்படியே திணித்தால் பாதிப் பயன்கூட இல்லை. விரலால் உருட்டி ஈர்க்குச்சிபோல் மெலிதாக்க வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே விட்டு, நுரை விரியும் வரை 30 வினாடி விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். சரியாக வைத்தால் 15 டெசிபலாவது குறையும். மேலே சொன்ன கணக்கில் 15 டெசிபல் என்பது ஐந்து முறை இரட்டிப்பு: கால் மணி நேரம் 8 மணி நேரமாகிறது. மல்லிகைப்பூவும் முடியும் மறைத்துக்கொள்வதால் பெண்களுக்கு இது எளிது. ஆண்கள் தோல் நிறத்தில் வாங்கிக்கொள்ளலாம், மஞ்சளையும் பச்சையையும் வீடியோ பிடித்துவிடும். இயர்போன் மாட்டிக்கொண்டு வேறு பாட்டுக் கேட்பது தற்காப்பே அல்ல. வெளிச்சத்தத்தை அமுக்க அதற்கு மேல் ஏற்றிக்கொள்ளவேண்டியிருக்கும்.

இசையைப் பற்றியும் சொல்லவேண்டும். கச்சேரி முழுக்க ஒரே தரம் இல்லை. ஏழு மணிக்குப் பிள்ளையார் பாட்டு, அடுத்து முக்கால் மணி நேரம் பழைய மெல்லிசை. குழுவின் நல்ல பாடகர்கள் பாடுவது அப்போதுதான், கேட்க ஆள் இல்லாததும் அப்போதுதான். எட்டு மணிக்கு மேல் துண்டுச் சீட்டில் நேயர் விருப்பம் வரும். எட்டரைக்குக் குத்துப்பாட்டும் குழந்தைகளும் மேடை ஏறுவார்கள். நடுவில் எங்கோ மாப்பிள்ளையின் பெரிய மாமா மைக்கைக் கேட்டு வாங்குவார்.

அந்த ஐந்து நிமிடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பயமில்லை. அவர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகு அதன் வலைத் தலையைக் கைக்குள் மூடிப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் முன்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கவேண்டிய மைக் எல்லாப் பக்கத்திலிருந்தும் வாங்கும். ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து, அதுவே மீண்டும் ஸ்பீக்கரில் வந்து ‘கீ’ என்று அலறும். கார்ட்லெஸ் மைக்கோடு உணர்ச்சிவசப்பட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தாலும் இதே கதி. கீபோர்டுக்காரரிடம் எந்தக் கட்டை என்று சொல்லாமல் ஆரம்பித்திருப்பார். அவர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி அழுத்திச் சுருதியைத் தேடிப் பிடிப்பதற்குள் பல்லவி முடிந்திருக்கும். பல்லவி தாழ்வாக, சுகமாக இருந்ததால் மாமா தைரியமாகச் சரணத்தில் நுழைவார். சினிமாப் பாட்டின் சரணம் மேலே ஏறத்தான் செய்யும். அங்கே கோரஸ் பாடும் பெண் கைகொடுப்பார். கைதட்டலை மறக்காமல் தரவேண்டும், இல்லையென்றால் இன்னொரு பாட்டுப் பாடுவார்.

தப்பும் வழி கச்சேரியில் ஏராளம். பேசமுடியாது என்பதே பாதி விடுதலை: சம்பளம் எவ்வளவு, பையனுக்கு எப்போது கல்யாணம் என்ற கேள்விகளுக்குக் காதைக் காட்டிக் கையை விரித்தால் போதும். யாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. எழுந்து போனால் கைகழுவப் போகிறார் என்று நினைப்பார்கள். சாப்பாட்டுக் கூடம் தனித் தளத்தில் இருந்தால் அங்கே ஒரு பந்தி, அதாவது இருபத்தைந்து நிமிடம், முழு அமைதி. பஃபே என்று அதே அரங்கின் பின்பக்கம் மேசை போட்டிருந்தால் இந்தச் சலுகை இல்லை. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ‘தும் தும்’மோடு ரசமலாய் சாப்பிடவேண்டும். பத்திரிகையில் இதைப் போடமாட்டார்கள், மண்டபத்தின் பெயரைக் கொண்டு விசாரித்துவிடலாம்.

கணக்கைத் தீர்ப்பது எது

இதுவரை பார்த்தால் கச்சேரியின் கஷ்டம் காதுக்கு, வீடியோவின் கஷ்டம் முகத்துக்கும் முதுகுக்கும். கச்சேரிக்கு எதிராக நீங்களே ஏதாவது செய்துகொள்ள முடியும். தள்ளி உட்காரலாம், காதை அடைக்கலாம், பந்திக்குப் போகலாம். வீடியோவில் எதைச் செய்யவும் அத்தையின் அனுமதி வேண்டும். இதுவே கச்சேரிப் பக்கம் சாய்வதற்குப் போதுமான காரணம்.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. இன்று கச்சேரியைத் தவிர்த்து வீடியோவுக்குப் போனால், அந்த வரவேற்புக்கும் வீடியோ எடுத்திருப்பார்கள். ஓரிரு மாதத்தில் அது பென் டிரைவில் வரும். “நீங்கதான் ரிசப்ஷனுக்கு வரமுடியல” என்று சித்தப்பா வீட்டிலிருந்து போன் வரும். அதில் கச்சேரியும் இருக்கும், மாமாவின் பாட்டு உட்பட. அதாவது வீடியோவைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொரு வீடியோவுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறார். கச்சேரிக்குப் போனவருக்கு, “நான்தான் நேர்லயே பாத்தனே” என்று சொல்ல உரிமை கிடைக்கிறது. அத்தை வீட்டு வீடியோ பாக்கியாக நிற்கும், உண்மைதான். ஆனால் அதை வட்டியோடு ஒத்திப்போட முடியும். “பென் டிரைவைக் குடுத்தனுப்புங்க அத்தை, நாங்க நிதானமா உக்காந்து பாக்குறோம்” என்றால் பெரும்பாலும் வேலை முடிந்தது. போயே ஆகவேண்டிய நாள் வந்தால், “அந்தப் பாட்டோட ஓடுற சின்ன வீடியோ இருக்குமே, முதல்ல அதைப் போடுங்க” என்று கேட்கவேண்டும். ஹைலைட்ஸ் எனப்படும் அது நாலைந்து நிமிடம்தான். டிரோன் காட்சி, தாலி, அழுகை, சிரிப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும். அதைப் பார்த்துக் கண் கலங்கினால் முழு வீடியோவைப் போடுவதற்குள் காபி வந்துவிடும், பேச்சு திசை மாறிவிடும்.

எனவே கச்சேரி. நான்கு வகையினர் மட்டும் வீடியோவுக்குப் போகவேண்டும். கைக்குழந்தை உள்ளவர்கள்: குழந்தைக்குக் காதடைப்பான் வைக்கக்கூடாது, தலையில் மாட்டும் காதுமூடி இல்லாமல் அந்த அரங்குக்குள் கொண்டுபோகவே கூடாது. காதில் ஏற்கெனவே இரைச்சல் உள்ளவர்களும், அண்மையில் காதில் அறுவை செய்துகொண்டவர்களும். பஃபே என்று உறுதியாகத் தெரிந்துகொண்டவர்கள். கடைசியாக, தாய்மாமன், சித்தப்பா என்று முன்வரிசையில் உட்காரவைக்கப்படும் உறவுமுறைக்காரர்கள். இவர்களுக்கு மேலே சொன்ன இட உத்தி எதுவும் பலிக்காது. ஆனால் இவர்கள் வீடியோவுக்குப் போய்விட்டால் நடக்கிற சண்டை 100 டெசிபலுக்குக் குறையாது.

போகிறவர்களுக்கு நேர அட்டவணை இது. ஆறே முக்காலுக்கு மண்டபத்தில் இருக்கவேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏழு, ஏழேகாலுக்கு மேடை ஏறுவார்கள். முதல் பத்துக் குழுவுக்குள் ஏறிவிட்டால் வரிசை மூன்று நிமிடம், எட்டு மணிக்கு ஏறினால் முக்கால் மணி. பிறகு பழைய பாட்டுகள் முடியும் வரை உட்கார்ந்து கேட்கலாம், அது நன்றாகவே இருக்கும். ஏழே முக்காலுக்குப் பந்தி. எட்டேகாலுக்குத் தாம்பூலப் பை. முதல் குத்துப்பாட்டு தொடங்கும்போது வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கவேண்டும். வீடு திரும்பிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்றிருந்தால் இரவு தூங்கி எழுந்ததும் பெரும்பாலும் சரியாகும். ஒரு நாளைக்கு மேலும் நின்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக்கூடாது.

மேடையில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு அவசரமாக இறங்கக்கூடாது. ஸ்டில் கேமராவைப் பார்த்தபின், அதன் பக்கத்தில் வீடியோ கேமரா எங்கே என்று தேடி அந்தப் பக்கமும் நன்றாகத் திரும்பி நிற்கவேண்டும். முன்னால் உயரமான உறவினர் நின்றால் தயங்காமல் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லலாம். காதடைப்பானை அந்த நேரத்துக்கு மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துச் சித்தப்பா, “நீ வந்திருந்தியா என்ன?” என்று கேட்டால், காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது அந்த 20 வினாடிதான்.